பெரிய நாய்க்குத் தினமும் எவ்வளவு நடை, எவ்வளவு ஓட்டம்: ராமநாதபுரக் கடற்கரைக்கான கணக்கு

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன், டால்மேஷன் போன்ற நாய்களுக்குத் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடமாட்டம் வேண்டும் என்று பிரிட்டனின் கென்னல் கிளப் சொல்கிறது. அந்த ஊர்க் குளிருக்கு அது சரி. அதே கணக்கை மே மாதத்து மண்டபத்திலோ கீழக்கரையிலோ வைத்துக்கொண்டு நாயை இழுத்துப்போனால் அது ஒரே வாரத்தில் படுத்துவிடும். இங்கே எத்தனை நிமிடம் என்பதற்கு முன்னால் எந்த வேளை, எந்தத் தரை, எந்தக் காற்று என்று பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துத் தெம்பையும் காலாலேயே தீர்க்கவும் முடியாது. பாதிக்குக் கால், மீதிக்கு மூக்கும் வாயும் என்று பிரித்துக்கொண்டால்தான் கோடையில் கட்டுப்படியாகும்.

எந்த நாய்க்கு எவ்வளவு

கீழே உள்ளவை ஒன்றரை வயது தாண்டிய, நோய் நொடி இல்லாத நாய்களுக்கான அளவு. ஒரே மூச்சில் அல்ல, காலை மாலை என்று இரண்டாகப் பிரித்து.

லாப்ரடாரும் கோல்டன் ரெட்ரீவரும் 60 முதல் 90 நிமிடம் நடக்கலாம். இந்த இரண்டும் சீக்கிரம் கொழுத்துவிடும் ரகம் என்பதால் நடையைக் குறைத்தால் சாப்பாட்டையும் குறைத்தாக வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன், டால்மேஷனுக்கு 75 முதல் 90 நிமிடம், அதோடு 20 நிமிடம் மூளைக்கு வேலை. பெல்ஜியன் மாலினுவா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதாது. அது வேலைக்கென்றே வளர்த்தெடுத்த நாய், இரண்டு மணி நேரமும் பயிற்சியும் கேட்கும். காவலுக்கு என்று வாங்கிச் சங்கிலியில் கட்டிப் போட்டால் சங்கிலியையும் கடிக்கும், சோறு வைப்பவரையும் கடிக்கும். ராட்வீலர், இந்த மாவட்டத்தில் மண்டை என்று சொல்லி வளர்க்கும் கனத்த தலை நாய் போன்றவற்றுக்கு 45 முதல் 60 நிமிடம் நிதானமான நடையே போதும். உடல் கனம் என்பதால் சூடு இறங்க நேரமாகும்.

ராஜபாளையத்துக்கு 60 முதல் 90 நிமிடம். வெள்ளைத் தோல், இளஞ்சிவப்பு மூக்கு என்பதால் வெயில் பட்டால் தோல் சிவந்து புண்ணாகும். இந்த இனத்தில் பிறவிச் செவிடும் அதிகம். தலைக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். திரும்பாத நாயைக் கயிறில்லாமல் விடக் கூடாது, கைச்சைகையில்தான் பழக்க வேண்டும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் வேறு கதை. இவை நீண்ட தூரம் மாடு மாதிரி நடக்கப் பிறந்தவை அல்ல, பாய்ந்து பிடிக்கப் பிறந்தவை. 45 முதல் 60 நிமிட நடைக்கு நடுவே, நாலு பக்கமும் வேலி அடைத்த தோப்பில் 100 முதல் 200 மீட்டர் பாய்ச்சல் இரண்டு அல்லது மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு இயல்புக்கு வரும்வரை இடைவெளி. வேலி இல்லாத இடத்தில் அவிழ்த்துவிட்டால் முயலோ மயிலோ ஆட்டுக்குட்டியோ கண்ணில் பட்ட நொடியில் காது அடைத்துக்கொள்ளும். முயல், மயில் வேட்டை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆட்டுக்குட்டி செத்தால் ஊரில் பஞ்சாயத்து தனி.

சைபீரியன் ஹஸ்கியை இந்தக் கடற்கரைக்கு வாங்கிவருவதே தவறு. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மார்ச் முதல் செப்டம்பர் வரை விடிவதற்கு முன் 30 நிமிடம், இரவு 30 நிமிடம், மற்ற நேரமெல்லாம் குளிர்ந்த தரை, மின்விசிறி என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

குட்டிக்கு

பெரிய இனக் குட்டிக்கு ஒரு மாத வயதுக்கு ஐந்து நிமிடம் என்று ஒரு கணக்கு உண்டு. நாலு மாதக் குட்டிக்கு 20 நிமிடம், ஆறு மாதத்துக்கு 30 நிமிடம், ஒரு நாளில் இரண்டு தடவை. இது வளர்ப்பவர்களின் கைக்கணக்கு, ஆய்வுக்கூடத்தில் அளந்து சொன்ன எண் அல்ல. ஆனால் கைமீறிப் போகாமல் பிடித்து வைக்கும். கயிற்றில் கட்டி நடத்தும் நேரத்துக்கு மட்டும்தான் இது பொருந்தும். குட்டி தானாக முற்றத்தில் ஓடி விழுந்து எழுந்து களைத்துப் படுப்பதைத் தடுக்க வேண்டியதில்லை.

2012இல் வெளிவந்த ஒரு நார்வே ஆய்வு, நான்கு பெரிய இனங்களின் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தது. மூன்று மாதத்துக்குள் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுதலாக வந்தது. மெத்தென்ற, மேடு பள்ளமான தரையில் கயிறில்லாமல் திரிந்தவற்றுக்குக் குறைவாக வந்தது. ஆகவே தென்னந்தோப்பு மணல் குட்டிக்கு நல்லது, டைல்ஸ் போட்ட மாடிப்படி கெட்டது. எலும்பின் வளரும் நுனி மூட பெரிய இனங்களுக்கு 14 முதல் 18 மாதம் ஆகும், கிரேட் டேன் போன்றவற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அதுவரை உயரத் தாண்டுதல், திண்ணையிலிருந்து குதித்தல், சைக்கிள் பக்கத்தில் ஓட்டம் மூன்றும் வேண்டாம்.

எந்த வேளை

நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வேர்க்கும். சூட்டை வெளியேற்ற அதற்கு இருப்பது மூச்சிரைப்புதான். நாக்கின் ஈரம் காற்றில் உலர்ந்தால்தான் சூடு இறங்கும். ராமேசுவரத்திலும் தொண்டியிலும் காற்றிலேயே ஈரம் ஊறிக் கிடப்பதால், எவ்வளவு இரைத்தாலும் நாக்கு உலராது. உள்மாவட்டத்தில் கமுதியிலோ முதுகுளத்தூரிலோ வெயில் இதைவிடக் கடுமையாக இருக்கும், ஆனால் அந்த வறண்ட காற்றில் விடியற்காலை நாய் தாங்கும். கடலோரத்தில் வெப்பமானி குறைவாகக் காட்டும்போதே நாய் திணறும். வெப்பமானியை நம்பாமல் நாக்கைப் பாருங்கள்.

மார்ச் முதல் செப்டம்பர் வரை காலை நடை வெளிச்சம் வரத் தொடங்கும் ஐந்தரைக்கு ஆரம்பித்து ஆறேமுக்காலுக்குள் வீடு வந்து சேர வேண்டும். சூரியன் கடலுக்கு மேல் ஒரு பனை உயரம் வந்துவிட்டால் நடை முடிந்தது. மாலையில் சூரியன் விழுந்ததும் கிளம்பக் கூடாது. தார்ச்சாலையும் வறண்ட மணலும் பகல் சூட்டை விடாமல் வைத்திருக்கும். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வையுங்கள். எடுத்துவிடத் தோன்றினால் நாயின் பாதமும் தாங்காது, இன்னும் அரை மணி காத்திருங்கள். கோடையில் ஏழு, ஏழரை ஆகும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை இந்தக் கட்டுப்பாடு தளரும், ஜனவரியில் எட்டு மணி வரைகூட நடக்கலாம்.

எந்தத் தரை, எந்தக் கரை

கால் புதையும் மணலில் நடப்பது உடலைப் பிழியும். மனிதர்களை வைத்து அளந்தபோது, கெட்டித் தரையைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவானது. நாய்க்கும் அப்படியே வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பு. அதாவது அரியமான் கடற்கரையின் மேல்மணலில் 20 நிமிடம் நடந்தால் சாலையில் 40 நிமிடம் நடந்ததாக எழுதிக்கொள்ளுங்கள். புதிதாகப் பழக்கும் நாயை முதல் வாரம் புதைமணலில் 5 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். பின்னங்கால் தசைநார் பிடித்துக்கொண்டால் மூன்று வாரம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அலை வந்து நனைத்துவிட்டுப் போன ஈர மணல்தான் நல்ல தளம். சூடு இல்லை, கெட்டியாகவும் இருக்கும், நகமும் அளவாகத் தேயும்.

கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு பக்கக் கால்களுக்குப் பாரம் கூடும். போன வழியே திரும்பி வந்தால் அது சமனாகிவிடும். போகும்போது ஈர மணல், வரும்போது சாலை என்று வைத்துக்கொண்டால் ஒரே பக்கம் வலி வரும்.

பாம்பன், மண்டபம், ராமேசுவரம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி: இரண்டு கடலும் நடை தூரத்தில். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது ஆண்கடல், குமுறிக்கொண்டிருக்கும். மணல் பறந்து நாயின் கண்ணில் அடிக்கும். அப்போது வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் போங்கள், பெண்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வாடை தொடங்கியதும் தலைகீழ். மீன்பிடிக்கப் போகிறவர்கள் பார்க்கும் அதே கணக்குதான்.

நீச்சல் மூட்டுக்கு நோகாத வேலை என்பதால் லாப்ரடாருக்கும், இடுப்பு வலி உள்ள ஷெப்பர்டுக்கும் நல்லது. அலையில்லாத கரை, மார்பளவுத் தண்ணீர், 10 மீட்டர் மிதக்கும் கயிறு. முதல் நாள் 3 நிமிடம், பழகிய நாய்க்கு 10 முதல் 15 நிமிடம். அதற்கு மேல் போனால் நீரில் இருக்கும்போது களைப்பு தெரியாது, கரைக்கு வந்து நிற்கும்போது கால் நடுங்கும். தனுஷ்கோடி, அரிச்சல்முனையில் எந்த நாயையும் தண்ணீரில் இறக்காதீர்கள். இரண்டு கடலின் நீரோட்டமும் சேரும் இடம் அது. சொறி மீன்கள், அதாவது ஜெல்லி மீன்கள், கரையொதுங்கும் நாட்களில் எங்குமே வேண்டாம்.

கடல் தண்ணீரைக் குடிக்க விடக் கூடாது. ஒன்றிரண்டு வாய் குடித்தால் பேதியாகும், நிறையக் குடித்தால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரை போகும். தாகத்தில்தான் அதைக் குடிக்கிறது. கையில் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரும் ஒரு கிண்ணமும் இருந்தால், கால் மணிக்கு ஒரு முறை 100 முதல் 200 மில்லி கொடுத்துவந்தால், அந்தப் பக்கம் வாயே வைக்காது.

மணலில் கிடப்பவை

கடற்கரையில் நாயை வாய்க்கூடு இல்லாமல் விடுவதற்கு முன் 'விடு' என்ற சொல்லுக்கு அது வாயில் உள்ளதைக் கீழே போடப் பழகியிருக்க வேண்டும். காரணம் பேத்தை மீன். வலையில் விழும் பேத்தையை யாரும் எடுப்பதில்லை, கரையில் வீசிவிட்டுப் போவார்கள். அதன் ஈரல், முட்டை, தோலில் உள்ள நஞ்சு காய்ந்தாலும் சாகாது, வேக வைத்தாலும் சாகாது. தின்ற நாய் வாந்தி எடுக்கும், தள்ளாடும், கால் விழும், பிறகு மூச்சுத் தசைகள் நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. தின்றதைக் கண்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் வண்டியை எடுங்கள்.

கெளுத்தி முள், திருக்கை வால்முள், தூண்டில் முள், நைலான் நரம்பு வலைத் துண்டு எல்லாம் படகுத்துறைப் பக்கத்து மணலில் புதைந்து கிடக்கும். தூண்டிலை விழுங்கிய நாயின் வாயிலிருந்து தூண்டில் நரம்பு தொங்கினால் அதைப் பிடித்து இழுக்கக் கூடாது, வெட்டியும் விடக் கூடாது. கழுத்துப்பட்டையில் தளர்வாகக் கட்டிவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மணல் மேட்டில் படரும் ராவணன் மீசைப் புல்லின் நுனி ஊசிதான், மோந்து பார்க்கும் நாயின் கண்ணில் குத்தும். கரையிலிருந்து ஊருக்குள் வந்தால் சீமைக் கருவேல முள். வீட்டுக்கு வந்ததும் நாலு பாதத்தையும் விரலிடுக்கோடு தடவிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

கருவாடு காயப்போட்ட இடத்தின் வழியாக நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அது இன்னொருவர் பிழைப்பு. நாய் வாய் வைத்தால் அந்தப் பாயில் கிடப்பது அவ்வளவும் போச்சு. உப்பு ஏறிய கருவாடு நாய்க்கும் ஆகாது. கரைவலை இழுக்கும்போதும் தள்ளி நிற்க வேண்டும். பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில், ஜனவரி முதல் ஏப்ரல் வரை, விடியற்காலை நடையில் கயிறு கட்டாயம். நாய் குழியைத் தோண்டினால் நூறு முட்டை ஒரே நேரத்தில் போகும். தனுஷ்கோடிப் பக்கம் பூநாரை வந்து இறங்கும் பருவத்திலும் அப்படியே.

நாய் கழித்ததை ஒரு பையில் அள்ளிவிடுங்கள். கொக்கிப்புழு முட்டை மணலில் பொரிந்து, வெறுங்காலோடு நடப்பவர் தோலுக்குள் புகும். இங்கே யார் செருப்புப் போட்டு மணலில் நடக்கிறார்கள்?

30 கிலோ நாய்க்கு ஒரு கோடை நாள்

காலை 5:15க்கு அரை லிட்டருக்கும் குறைவாகத் தண்ணீர், உணவு இல்லை. 5:30க்குக் கிளம்பி முதல் 10 நிமிடம் மெதுவான நடை, மோந்து பார்க்கவும் கழிக்கவும் விட வேண்டும். அடுத்த 20 நிமிடம் ஈர மணலில் விறுவிறுப்பாக. நீங்கள் வேகமாக நடந்தால் நாய் துள்ளு நடையில் வரும், அந்த வேகம்தான் அளவு. பிறகு 5 நிமிடம் விளையாட்டு. பந்தைவிடக் கயிறு நல்லது. எச்சில் பட்ட பந்தில் ஒட்டும் மணல் உப்புக்காகிதம் மாதிரிப் பல்லைத் தேய்க்கும், விழுங்கிய மணல் குடலில் அடைக்கும். எறிவதானால் எட்டுப் பத்து முறை, தரையோடு தாழ்வாக. உயர எறிந்தால் திரும்பித் தாவிப் பிடித்து முழங்கால் நாரை அறுத்துக்கொள்ளும். கடைசி 10 நிமிடம் மறுபடி மெதுவாக. ஆக 45 நிமிடம். 6:45க்குள் வீடு.

சாப்பாடு குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, மூச்சு முழுக்க அடங்கிய பிறகு. மாலையிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாமல் ஓட விடக் கூடாது. கிரேட் டேன், ஷெப்பர்டு, டாபர்மேன், நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற ஆழ்ந்த மார்பு நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. வாந்தி எடுக்க முயன்று நுரை மட்டும் வருவது, வயிறு மத்தளமாகத் தெறிப்பது, படுக்க முடியாமல் சுற்றுவது ஆகியவை அதன் அடையாளம். அறுவை சிகிச்சை ஒன்றே வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள். ஓமத்தண்ணீர் கொடுத்து நேரத்தைத் தொலைக்க வேண்டாம். நாளுக்கு ஒரே வேளை பெருஞ்சோறு வைப்பதும் இந்த அபாயத்தைக் கூட்டுகிறது. இரண்டு வேளையாகப் பிரியுங்கள்.

பகல் 11 மணிக்கு 15 நிமிடம் மூக்கு வேலை, வீட்டுக்குள். மாலை 7:15க்கு மேல் 30 நிமிட நடை, இப்போது விறுவிறுப்பு பாதிதான். இரவு படுக்கும் முன் 5 நிமிடம் கழிக்க. காலுக்கு 80 நிமிடம், மூக்குக்கு 15. இவ்வளவுக்கே பெரும்பாலான லாப்ரடாரும் ஷெப்பர்டும் பகலெல்லாம் அமைதியாகக் கிடக்கும். சோம்பிக் கிடந்த நாயை ஒரே நாளில் இந்த அளவுக்குக் கொண்டுவராதீர்கள். ஒரு நடைக்கு 15 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள்.

மூக்கு வேலை

இதைப் பலர் விளையாட்டென்று ஒதுக்குகிறார்கள். மே மாதத்தில் நாயைக் காப்பாற்றுவது இதுதான். உடல் சூடேறாமலே நாய் களைத்துப் படுக்கும்.

மூன்று தேங்காய்ச் சிரட்டை எடுங்கள், ஓரம் தேய்த்து மழுங்கலாக இருக்கட்டும். உப்பு, வெங்காயம், பூண்டு போடாமல் வேகவைத்த கோழி 40 கிராமை விரல்நுனி அளவாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும், வீட்டுக் குழம்புத் துண்டு கூடாது. நாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சிரட்டைக்கு அடியில் ஒரு துண்டை வைத்து 'தேடு' என்று சொல்லுங்கள். காலால் தட்டினாலோ மூக்கால் முட்டினாலோ உடனே சிரட்டையைத் தூக்கிவிட வேண்டும். இரண்டு நாளில் இது புரிந்துவிடும். அடுத்து நாய் பார்க்காதபோது வைத்து, சிரட்டைகளை இடம் மாற்றுங்கள். பிறகு எட்டுப் பத்துச் சிரட்டை, முற்றம் முழுக்கப் பரப்பி, மூன்றில் மட்டும் துண்டு. அதற்கும் பழகினால் பனையோலைக் கொட்டானுக்குள், சாக்கு மடிப்புக்குள், கதவு இடுக்கில், திண்ணை மேல் என்று உயரத்தையும் மாற்றுங்கள்.

இங்கே வரும் தவறு ஒன்று: நாய் தேடும்போது வீட்டு ஆட்கள் கைகாட்டிவிடுவார்கள். அப்புறம் அது மூக்கை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கும். காட்டவே கூடாது. கிடைக்காமல் சலித்தால் அடுத்த சுற்றைச் சுலபமாக்குங்கள். கொடுத்த கோழியை அன்றைய சாப்பாட்டில் கழித்துக்கொள்ள வேண்டும். தேங்காய் மட்டையைக் கடிக்கக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. நாரை விழுங்கினால் குடலில் திரளும், வேண்டாம்.

கயிறும் பட்டையும்

கடல் காற்றில் முதலில் போவது கொக்கி. பளபளப்பான முலாம் பூசிய இரும்புக் கொக்கி சில மாதத்திலேயே உள்ளே துருப்பிடித்து, நாய் ஒரு இழுப்பு இழுக்கும்போது தெறிக்கும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி கேட்டு வாங்குங்கள், வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கயிறு 2 மீட்டர், இரண்டு சென்டிமீட்டர் அகலத் தட்டை நைலான். வலைக்கயிறு கையை அறுக்கும். கழுத்தை நெரிக்கும் சங்கிலிக்குப் பதில் மார்புப் பட்டை. கன்னி, சிப்பிப்பாறைக்குத் தலை கழுத்தைவிடச் சிறியது, சாதாரணப் பட்டை கழன்று கையில் வந்துவிடும். அவற்றுக்கு இழுத்தால் அளவோடு இறுகும் அகலப் பட்டை வேண்டும்.

பைக்கின் பின்னால் நாயைக் கட்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவது வீரம் என்று சிலர் நினைக்கிறார்கள். நாய்க்கு நிறுத்தச் சொல்ல வாயில்லை. வலித்தாலும் மூச்சு முட்டினாலும் கயிறு இழுக்கும் வேகத்துக்கு ஓடித்தான் ஆக வேண்டும். பாதத்தோல் உரிந்து, நகம் ரத்தம் வரத் தேய்ந்து, கடைசியில் சுருண்டு விழும். மீன் லாரி போகும் சாலையில் அதற்கு முன்பே வேறு ஏதாவது நடந்துவிடும்.

கூடியதா குறைந்ததா

நடை முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரைப்பு அடங்கி, வாய் மூடிப் படுத்தால் அளவு சரி. அரை மணி ஆகியும் இரைத்தால் கூடிவிட்டது. மறுநாள் காலை எழும்போது முதல் நாலடி விறைத்து நடந்தாலும், கயிற்றைக் கண்டதும் வாலாட்டாமல் படுத்தே கிடந்தாலும் கூடிவிட்டது, இரண்டு நாள் பாதியாக்குங்கள். வலிக்கு மனிதர் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

செருப்பைக் குதறுவது, செடியைத் தோண்டுவது, வாலைத் துரத்திச் சுற்றுவது பெரும்பாலும் குறைவின் அடையாளம். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. தினமும் பந்து மட்டுமே எறிந்து ஓட்டிய நாயும் இப்படித்தான் செய்யும். உடல் தெம்பு கூடிக்கொண்டே போகும், அடங்கத் தெரியாது. அதற்கு மருந்து இன்னொரு கிலோமீட்டர் அல்ல, சிரட்டை.

சூடு ஏறிவிட்டால்

பிரிட்டனில் 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், வெப்பத் தாக்கு வந்த நாய்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு ஓடி ஆடியதால்தான் விழுந்தன. பூட்டிய காரில் கிடந்தவை சிறு பங்கு. குளிர்நாட்டிலேயே அப்படி என்றால் இங்கே சொல்ல வேண்டியதில்லை.

முதலில் நாக்கின் நுனி அகன்று, ஓரம் மேலே சுருளும். எச்சில் கயிறாகத் தடிக்கும், நிழலைப் பார்த்து இழுக்கும். அப்போதே நிறுத்தினால் ஒன்றுமில்லை. அதைத் தாண்டினால் ஈறு செங்கல் நிறமாகும், நடை தள்ளாடும், வாந்தி, ரத்தப் பேதி, மயக்கம். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். ஓட்டத்துக்குப் பின் 40 காட்டினால் உடனே குளிர்விக்க வேண்டும், 41 தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

அங்கேயே குளிர்வியுங்கள், வண்டி பிறகு. கிணற்றுத் தண்ணீர், குழாய், எதுவும் இல்லாவிட்டால் கடல் தண்ணீரே போதும். உடலைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் சரி. தலையில் மட்டும் தெளிக்காமல் கழுத்து, மார்பு, வயிறு, தொடை இடுக்கு நனைய ஊற்றிக்கொண்டே இருங்கள், ஒருவர் விசிறட்டும். கடல் காற்று முகத்தில் அடிக்கும்படி கிடத்துங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள், சிறிது நேரத்தில் அதுவே சூட்டை உள்ளே அடைக்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். 39.4க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, நாய் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிறுநீரகமும் ரத்த உறைவும் கெடுவது மறுநாள்தான் தெரியும். கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற இலவச எண் உண்டு, ஆனால் இந்த அவசரத்துக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொந்த வண்டியில் போவதே வேகம்.

மழையும் வாடையும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாய் கொஞ்சம் கூடுதலாகவே நடக்கலாம், 15 முதல் 20 நிமிடம் கூட்டுங்கள். சூடு போனால் வேறு தொல்லை வரும். தேங்கிய தண்ணீரை நக்கினால் எலிக்காய்ச்சல். அதற்கான தடுப்பூசியும் ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். மீன் இறங்கும் துறைகளில் தெருநாய்க் கூட்டம் இந்தப் பருவத்தில் சண்டைக்கு நிற்கும், சுற்றிப் போகும் வழியைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். கருவேலங்காட்டு ஓரம் போய் வந்தால் உண்ணி. காதுக்குள், அக்குளில், விரலிடுக்கில் தேடி, இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், திருகவோ மண்ணெண்ணெய் ஊற்றவோ வேண்டாம். உண்ணியால் வரும் காய்ச்சலில் நாய் முதலில் நடையைத்தான் வெறுக்கும், மூக்கில் ரத்தம் வருவது பிறகு. ஆகவே நன்றாக நடந்துகொண்டிருந்த நாய் வாடைக்காலத்தில் திடீரென்று பாதி வழியில் உட்கார்ந்தால் சோம்பல் என்று இழுக்காமல் ஈறு வெளுத்திருக்கிறதா என்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.

கடலில் நனைந்த நாயை நல்ல தண்ணீரில் அலசி, காதைத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். வாடைக்கால ஈரத்தில் தானாகக் காயும் என்று விட்டால் ஒரு வாரத்தில் காது நாறும். லாப்ரடாரின் தொங்கு காதில்தான் இது அதிகம். மடலைத் தூக்கி, ஐந்து நிமிடம் மின்விசிறிக்கு எதிரே பிடித்தாலே போதும்.